மூன்றாவது பிஸ்டன்

ஹாரன் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளுடைய வேனில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நர்ஸுகள். வாசலில் வேனை நிறுத்தி ஒருமுறை ஹாரன் அடிப்பாள். இரண்டாவது முறை அடிப்பதற்குள் படியிறங்கி வராத நர்ஸுக்கு அன்று காலையில் வாங்கிக் கட்டிக்கொள்ள நிறைய இருக்கும். "ஊசி போடத் தெரிஞ்ச உனக்கு நேரத்துக்குச் செருப்புப் போடத் தெரியாதா?" என்பாள். அதே நர்ஸுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் வேனை அப்படியே விட்டுவிட்டு மாடியேறிப் போய், நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். மற்றவர்கள் வேனுக்குள் வெந்துகொண்டிருப்பார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கும் தைரியம் ஒருத்திக்கும் கிடையாது.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதையும் அப்படித்தான். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தாள். ஒருநாள் டிரைவர் முதலாளியோடு போனில் சண்டை போட்டு, நடுரோட்டில் வேனை நிறுத்தி, சாவியை சீட்டில் வீசிவிட்டுப் போய்விட்டான். உள்ளே பிள்ளைகள் கூட்டம், வெளியே வெயில். டிரைவரின் கால் எந்த நேரத்தில் எதை மிதிக்கிறது என்று பல வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், இடம் மாறி உட்கார்ந்தாள். முதல் கியரிலேயே பள்ளிக்கூடம் வரை உருட்டிக்கொண்டு போனாள். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் திட்டாத திட்டு இல்லை. லைசென்ஸ் இல்லாமல் எப்படி ஓட்டலாம் என்று முதலாளி எகிறியபோது, "இல்லதான். வாங்கிக் குடுங்க" என்றாள். வாங்கிக் கொடுத்தார். வேறு என்ன செய்ய முடியும் அந்த மனிதரால்?

பிறகு சொந்தமாக ஒரு வேன். பழையது, பெட்ரோல் வண்டி, முகத்தில் ஒரு நசுங்கல். அவளுடைய கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. பெண்களின் துணிகளைத் தைப்பார். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். வேன் வந்த அன்று அவருடைய அண்ணன் வீடு தேடி வந்து, "அவ ஸ்டீயரிங் பிடிப்பா, நீ ஊசி பிடிப்பியா? வெட்கமா இல்ல?" என்று கேட்டார். தையல்காரர் சிரித்தார். "ரெண்டு பேரும் கோணாம நேராப் போனாச் சரிதாண்ணே" என்றார். அன்று மத்தியானமே உட்கார்ந்து வேனின் சீட்டுகளுக்கெல்லாம் உறை தைத்தார். அன்று ராத்திரி அவர் விளக்கைப் போடாமல் தனியே உட்கார்ந்திருந்ததை அவள் கவனித்தாள். அதை அவள் மறக்கவே இல்லை.

அவர்கள் தெருவுக்குள் வெள்ளம் வந்த சமயத்தில் அவள் ஊரில் இல்லை. தங்கைக்குப் பிரசவம் என்று போயிருந்தாள். கால்வாய்க் கரை உடைந்தது, ரோடு மூழ்கியது, பஸ் நின்றது. திரும்பி வந்தபோது தண்ணீர் வடிந்து, தெரு முழுக்கச் சேறு. வீட்டுக்குள் போவதற்கு முன்பே வேனிடம் போனாள். அது நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடியே நின்றது. ஹெட்லைட்டின் அடிவிளிம்பு வரை ஒரு சேற்றுக்கோடு. தையல்காரர் பழைய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாராவது வண்டியைத் தொட்டாங்களா?"

"யாரு தொடப்போறா?" என்றார் அவர், கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்காமலே.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நிறுத்தி வைத்த வண்டி தண்ணீரில் நின்றால் சீட்டு நாறும், ஒயர் களிம்பு பூத்துப்போகும், ஆயில் கெடும். எல்லாம் சரிசெய்யக்கூடிய வியாதிகள். ஓடும் எஞ்சின் தண்ணீரைக் குடித்தால்தான் ஆபத்து. காற்றை அமுக்கலாம், தண்ணீரை எந்தக் கொம்பனாலும் அமுக்க முடியாது. மேலே ஏறி வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும். அதைத் தாங்கும் இரும்பு ராடு வளைந்துவிடும். அதனால் தண்ணீர் பார்த்த வண்டியில் சாவியைத் தொடவே கூடாது. சாவி அவள் கைப்பையில் இருந்தது; மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்துபோனது. பிறகென்ன கவலை? பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடப் போனாள்.

தெருக்கோடியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கும் அவளுக்கும் பல வருஷத்துப் பழக்கம். பழக்கம் என்றால் சண்டை. அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள், அதற்குப் பிறகு வரும் வார்த்தைகள் எதுவும் அண்ணன் தங்கை பேசிக்கொள்வதாக இருக்காது. பானெட்டைத் திறந்த மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியைப் பிரித்தார். உள்ளே சேற்றுத் தண்ணீர். அவர் சேற்றுக்கோட்டைப் பார்த்தார், மேலே காற்று இழுக்கும் குழாயின் வாயைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, தண்ணி ஹெட்லைட்டுக்குக் கீழதான் வந்திருக்கு. இந்தக் குழாய் அதுக்கு மேல இருக்கு. தானா எப்படி உள்ள போச்சு?"

"லாரி போயிருக்கும். அலையடிச்சிருக்கும்."

"இந்தத் தெருவுல எந்தக் காலத்துல லாரி வந்துச்சு?"

"நீங்க வேலையைப் பாருங்கண்ணே."

பார்த்தார். ஆயிலை வடித்தபோது அது பால் கலந்த டீ மாதிரி இறங்கியது. எஞ்சின் தலையில் இருந்த நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். மூன்றாவது துளையிலிருந்து பீறிட்டு வந்த தண்ணீர் அவர் முகத்திலேயே அடித்தது. பக்கத்தில் நின்ற இஸ்திரிக்காரர் சிரிக்கவில்லை. சும்மாவே சிரிக்கிற மனிதர் இதற்குச் சிரிக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதில் மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

பிளக்குகளைக் காயவைத்தார்கள். ஃபில்டரை மாற்றினார்கள். புது ஆயில் ஊற்றி, அதையும் வடித்து, மறுபடி ஊற்றினார்கள். பேட்டரியை மாட்டி அவளே ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் உறுமியது. கூடவே உள்ளே எங்கேயோ ஆழத்தில் டக், டக் என்று ஒரு சத்தம். மெக்கானிக் கையை ஆட்டினார். எஞ்சினை அணைத்தாள்.

"ராடு வளைஞ்சிருக்கு" என்றார் அவர். "தண்ணியில வெச்சு யாரோ ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க."

"சாவி என்கிட்ட. நான் ஊர்ல இல்ல. பேய் வந்து ஓட்டிச்சா?"

"எனக்குத் தெரியாது. எஞ்சின் சொல்லுது."

"எஞ்சின் சொல்லல, நீங்க சொல்றீங்க. நீங்க எதையாவது உள்ள போட்டு ஆட்டிட்டு இப்போ தண்ணி மேல பழி போடறீங்க."

அது அநியாயமான பேச்சு. அவளுக்கே தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி மேனேஜர் காலையில்தான் போன் செய்திருந்தார்: திங்கட்கிழமை வேன் வாசலுக்கு வராவிட்டால் வேறு வண்டி பேசிக்கொள்வார்களாம். வேறு வண்டிக்காரன் ஒருவன் பளபளவென்று புது வேனோடு மேனேஜர் அறை வாசலில் தவமிருக்கிறானாம். இத்தனை வருஷம் அவள் ஹாரனுக்குப் பயந்து ஓடிவந்த பெண்கள் இன்னொருவன் வண்டியில் ஏறுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயத்தைப் பயம் என்று காட்டத் தெரியாதவர்கள் கோபமாகத்தான் காட்டுவார்கள்.

மெக்கானிக்கும் விடவில்லை. ஷெட்டின் பெயர் கெடுகிறதே. "சரி, அளந்து பாத்துடுவோம். நாளைக்குக் காலையில, எல்லாரும் பாக்க. நாலு பிஸ்டனும் ஒரே உயரத்துக்கு ஏறணும். ஒண்ணு கம்மியா நின்னா ராடு வளைஞ்சது. வளைஞ்சிருந்தா யாரோ சாவியைத் திருகினது. சும்மா நின்ன வண்டியில அப்படி ஆகவே ஆகாது."

"அளங்க. கம்மியா இருந்தா இந்த வண்டியை நானே எடைக்குப் போட்டுடறேன்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

மறுநாள் காலை தெருவே கூடிவிட்டது. வெள்ளத்தில் நனைந்த பாய்களையும் நாற்காலிகளையும் காயப்போட வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு நேரான சைக்கிள் கம்பியை மெக்கானிக் கொண்டுவந்தார். அதைப் பிளக் துளைக்குள் விட்டால் பிஸ்டன் தலையில் உட்காரும். எஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டனோடு சேர்ந்து கம்பியும் ஏறும். உச்சிக்கு ஏறியதும் வெளியே நிற்கும் நீளத்தை அளக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். யார் அளப்பது என்பதில்தான் தகராறு வந்தது.

"உங்க கண்ணை நான் நம்ப மாட்டேன்" என்றாள் அவள்.

"உன் கண்ணை மட்டும் நான் நம்பிடுவேனா?" என்றார் மெக்கானிக்.

கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்: "தையல்காரர் அளக்கட்டும். அவர் டேப்பு ஒரு நூல் கூடத் தப்பினது கிடையாது."

அதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்போடு வந்து குனிந்தார். டேப்பின் நுனியைத் தேடி எடுக்கவே அவருக்கு நேரமானது. இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நின்று பழக்கமில்லாத மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு வளைஞ்சிருந்தா அப்படியே ஓட்டக்கூடாதா?" என்று அவர் மெக்கானிக்கிடம் மெல்லக் கேட்டார்.

"ஓட்டலாம், கொஞ்ச தூரம். ஒருநாள் வேகத்துல போறப்போ ராடு உடைஞ்சு எஞ்சினைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். உள்ள இருக்கிறவங்க பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

தையல்காரர் தலையாட்டிக்கொண்டார். மெக்கானிக் சுற்ற, அவர் அளந்தார்.

"அஞ்சே கால்."

கம்பி இரண்டாவது துளைக்குப் போனது. "அஞ்சே கால்." அவள் மெக்கானிக்கைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

மூன்றாவது. கம்பி ஏறி நின்றது. தையல்காரர் டேப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் விரல்களுக்குள் இருந்த அந்த எண்ணை வேறு யாராலும் பார்க்க முடியாது. கால் இஞ்ச் வித்தியாசம். அவர் என்ன சொன்னாலும் தெரு நம்பும்.

"அஞ்சு" என்றார்.

"சரியாப் பாருங்க" என்றாள் அவள்.

"பாத்துட்டேன்மா. அஞ்சுதான்."

நான்காவதும் ஐந்தே கால். அதை யாரும் காதில் வாங்கவில்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். ஜெயித்தவருக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்போ யாரோ தண்ணிக்குள்ள வெச்சு சாவியைத் திருகியிருக்காங்க. யாருப்பா அந்த மகா மேதை? முன்னாடி வாங்க, முகத்தைப் பாப்போம்!"

கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் சிரிக்கவில்லை. இஸ்திரிக்காரர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். அவள் கணவர் பக்கம் திரும்பினாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. உதடு பிரிந்தது, பேசப்போகிறார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சாவியைத் திருகியது இவர்தான். இத்தனை நாளாகத் தெருவில் நின்று சாவியை யாரும் தொடவில்லை என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். இவர் உள்ளே தையல் மெஷினை மிதித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. அதே நேரத்தில் சிரிப்பவர்களின் வாய்களும் அவள் கண்ணில் பட்டன. பொண்டாட்டி வண்டியைத் தண்ணியில முக்கின தையல்காரன். இது போதும், அவர் அண்ணன் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்க. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எல்லாரும் போன பிறகு விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார்.

"நான்தான்" என்றாள்.

மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. "நீயா? நீ ஊர்லயே இல்லையே!"

"வந்ததும் திருகினேன்."

"வந்ததும் பேட்டரி ஒயரைக் கழட்டினவ நீதானே?"

"அதுக்கு முன்னாடி திருகினேன். ஃபில்டர்ல நின்ன தண்ணி உள்ள போயிடுச்சு. என் வண்டியில சாவியைத் திருக உங்களைக் கேக்கணுமா?"

வெள்ளத்தில் வழியில் நின்றுபோன வேனைத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்தியவர்கள் அந்தக் கூட்டத்திலேயே நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் அது பச்சைப் பொய் என்று தெரியும். இஸ்திரிக்காரர் வாயைத் திறந்தார். அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"என்ன, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

"இல்லம்மா. கொட்டாவி" என்றார் இஸ்திரிக்காரர்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார். அவரும் முட்டாள் இல்லை. ஆனாலும் பந்தயத்தை விட மனமில்லை. "அப்போ சொன்ன மாதிரி எடைக்குப் போடறியா?"

"மாட்டேன்."

"தெருவே கேக்கச் சொன்னியே?"

"சொன்னேன். இப்போ மாட்டேங்கறேன். இதையும் தெருவே கேக்கத்தான் சொல்றேன். பேச்சு மாறினவன்னு வேணும்னா போர்டு எழுதி மாட்டிக்கோங்க. வளைஞ்சது ஒரு ராடு. மூணு நல்லா இருக்கு. ஒரு பல்லு ஆடினா தலையையே வெட்டுவாங்களா? எஞ்சினைப் பிரிக்கிறீங்களா, நானே பிரிக்கட்டுமா?"

மெக்கானிக் பெருமூச்சு விட்டு ஸ்பேனரை எடுத்தார். இவளோடு வாதாடுவதைவிட எஞ்சினைப் பிரிப்பது சுலபம் என்பது அவருடைய பல வருஷ அனுபவம்.

அவள் வீட்டுக்குள் வந்து கடைக் கதவைச் சாத்தினாள். பிறகு ஆரம்பித்தாள். அந்தத் திட்டையெல்லாம் இங்கே எழுத முடியாது, எழுதினால் தாள் கருகிவிடும். தையல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில்தான் பேசினார்.

"தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. டயர் மறைஞ்சிடுச்சு. உன் வண்டி என் கண்ணு முன்னால முங்குது, நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருக்கேன். கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியல. தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்ச மாத்துச் சாவி பட்டன் டப்பாவுல கிடந்துச்சு. மேட்டுக்கு ஏத்திடலாம்னு நினைச்சேன். கொஞ்ச தூரம் போச்சு. அந்தத் திருப்பத்துல பள்ளம் இருக்கிறது தெரியல. நின்னுடுச்சு. நின்னதும் மறுபடி மறுபடி திருகினேன்."

"நின்னதும் விட்டிருந்தா ராடாவது தப்பிச்சிருக்குமோ என்னவோ."

"தெரியலையே எனக்கு."

"தெரியாதுன்னா சொல்லியிருக்கணும். வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். நான் மெக்கானிக் அண்ணனைப் போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

"சொல்ல வந்தேன். நீ ஒவ்வொரு தடவையும் யாரும் தொடலைன்னு சத்தமாச் சொன்ன. சொல்லச் சொல்ல எனக்கு வாய் வரல." பிறகு, "அங்க மட்டும் ஏன் பழியை உன்மேல போட்டுக்கிட்ட?" என்று கேட்டார்.

"அது என் வண்டி, நீங்க என் புருஷன். ரெண்டையும் திட்டறதுக்கு எனக்கு மட்டும்தான் பாத்தியதை. தெருவுக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

மூன்றாவது பிஸ்டனை வெளியே எடுத்தபோது ராடு தலைகுனிந்த மாதிரி வளைந்திருந்தது. பிஸ்டன் ஓடும் சுவரில் நல்லவேளையாகக் கீறல் இல்லை. பழைய சாமான் கடையில் அதே வண்டியின் ராடு ஒன்றைத் தேடிப் பிடித்து, மற்ற மூன்றோடு எடை பார்த்து மாட்டினார் மெக்கானிக். அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்த நேரம் முழுவதும் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல். அதைவிடப் பெரிய மன்னிப்பு அவளிடம் கிடையாது என்று அவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை வேன் ஓடியது. டக் என்ற சத்தம் இல்லை. ஆனால் செய்தி வேனுக்கு முன்பே ஓடியிருந்தது. முதல் நடையை முடித்துவிட்டு, வீட்டில் மறந்து வைத்த மூக்குக்கண்ணாடியை எடுக்க அடுத்த ஷிப்ட் நர்ஸுகளோடு தன் வாசலில் நிறுத்தினாள். இத்தனை வருஷம் அவளிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இப்படி ஒரு நாள் இனி வருமா?

"அக்கா, தண்ணிக்குள்ள சாவியைத் திருகினீங்களாமே!"

"எங்களுக்கு மட்டும் செருப்புப் போடத் தெரியாதுன்னு சொல்லுவீங்க!"

"ஆமா, திருகினேன்" என்றாள் அவள், தலையை உயர்த்திக்கொண்டு. "அதுக்கென்ன இப்போ? பிடிக்காதவங்க இறங்கி நடங்க."

உள்ளே தையல் மெஷின் நின்றது. தையல்காரர் வெளியே வந்தார். கையில் அவளுடைய கண்ணாடி. அதைக் கொடுக்காமல் வேனின் ஜன்னல் பக்கம் போய் நின்றார். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர், முடிந்த அளவு சத்தமாகச் சொன்னார்: "அவ இல்லம்மா. நான்தான் திருகினது. அவ ஊர்லயே இல்ல."

நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உள்ளே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வயதில் மூத்த நர்ஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் தோளைத் தட்டினாள். "அண்ணே, சாவி எந்தப் பக்கம் போடறதுன்னாவது உங்களுக்குத் தெரியுமா? பொண்டாட்டிக்காக இப்படியா பொய் சொல்லுவாங்க! இந்த மாதிரி ஒருத்தர் எனக்குக் கிடைக்கலையே."

"நிஜமாத்தாம்மா சொல்றேன்" என்றார் அவர். சிரிப்பு இன்னும் பெரிதானது.

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணாடியை அவர் கையிலிருந்து பிடுங்கி மாட்டிக்கொண்டாள். எதிரே ரோடு கலங்கலாகத்தான் தெரிந்தது.

"உள்ள போங்க" என்றாள். "போய்த் தைக்கிற வேலையைப் பாருங்க."

அவர் போகவில்லை. வாசலிலேயே நின்றார். அவள் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்தாள். அதற்கும் அவர் நகரவில்லை.